மூன்றாவது பூ

காளியம்மன் முதல் தடவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இராஜாங்கம் படித்தவர். நன்னிலத்தில் அரசுப் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வாத்தியார்கள் அத்தனை பேருக்கும் சம்பளப் பட்டியல் போடுகிறவர். இந்த மாதிரி ஆட்களுக்குப் பிடிக்காத பதில் வந்தால் கேள்வியில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

கீழத்தெருவில் பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு பெரிய காரியமும் நடக்காது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எது என்று தெரியாதபடி ஒரே மாதிரி நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, மனதில் இருப்பதைக் கேட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் கொடுப்பதா, மாடு வாங்குவதா, சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புவதா, எல்லாவற்றுக்கும் இதுதான் வழி.

இராஜாங்கம் கேட்டது அக்கா அம்சத்தின் பணத்தைப் பற்றி. எண்பதாயிரம் ரூபாய். அதைத் தஞ்சாவூரில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வருஷம் ஒன்றுக்குப் போட்டு வைக்கலாமா என்று கேட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே செவ்வரளி இருந்தது.

"எமகண்டத்துல வந்துட்டேன் போலருக்கு" என்றார் பூசாரியிடம். பூசாரி தன் பாட்டுக்கு விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மனைவி தவமணியைக் கூட்டிப் போனார். இந்தத் தடவை அவளை எடுக்கச் சொன்னார். மறுபடியும் செவ்வரளி.

"நீ மனசுல வேற எதையாச்சும் நெனச்சிருப்ப" என்றார்.

"நான் ஒண்ணும் நெனக்கல. நீங்க நெனச்சிக்கிட்டு இருக்கறதத்தான் அம்மா வேணாங்குறா" என்றாள் தவமணி. சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து தெருமுனைக்குப் போய்விட்டாள்.

இராஜாங்கம் மட்டும் நின்றார். பூசாரியிடம் இன்னொரு தடவை கட்டச் சொன்னார். கேள்வியையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். பைனான்ஸ் கம்பெனி என்ற பேச்சையே எடுக்கவில்லை, அக்கா வாங்க நினைத்த நிலத்தை மட்டும் எடுத்தார். 'தாயே, அந்த நிலம் முழுசும் எங்க அக்காவுக்குக் கெடைக்கட்டுமா?' என்று கேட்டார். எந்தச் சாமிதான் இதற்கு மாட்டேன் என்று சொல்லும்? வெள்ளை நந்தியாவட்டை வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நிலத்துக்குப் பெயர் பெரியவாய்க்கால் தாக்கு. ஒரே தாக்காக ஐந்து மா. ஏக்கர் கணக்கில் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அக்ரஹாரத்து மிராசு குடும்பத்துக்கு ஒரு காலத்தில் இருந்த வேலிக்கணக்கான நிலத்தில் நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக, குத்தகைக்காரர்கள் கையில் போனது போக, விற்றது போக, மிச்சம் நின்ற துண்டு இது. அம்சம் பாவாடை கட்டிய வயதிலிருந்து அதில் நாற்று நட்டவள். அவள் புருஷன் கோவிந்தராசு சங்கத்து ஆள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊரே கொதித்த வருஷத்தில், வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கக் கூடாது என்று கொடியை நட்டு நின்றது இந்தத் தாக்கின் வரப்பில்தான். அடி வாங்கினான், உள்ளே போனான், வெளியே வந்தபோது பண்ணைகளில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனான். அங்கேயே ஒரு நாள் பின்னால் வந்த லாரி அவனைச் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டது.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, நஷ்ட ஈடு வந்தது. அதோடு மாட்டுப் பால் விற்றுச் சேர்த்ததையும் போட்டால்தான் எண்பதாயிரம். கோவிந்தராசுவின் உயிர்தான் அந்தப் பணம். அதில் அம்சம் ஒரு புடவை கூட எடுக்கவில்லை.

பூக் கேட்பதற்குச் சில வாரம் முன்னால், தையில்தான் சென்னையிலிருந்து மிராசு குடும்பத்து நாகேஸ்வரன் வந்தார். நிலத்தை விற்கப் போவதாகச் சொல்லி அம்சத்தையே கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ நட்ட நிலம், நீயே எடுத்துக்கோ. மா இருபதாயிரம். மொத்தமா எடுத்தா ஒரு லட்சம். அடுத்த தை வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்றார். மனசாட்சி உறுத்தியதோ, பையன் அமெரிக்காவில் சம்பாதிக்கிற தெம்போ, வந்த வார்த்தை நல்ல வார்த்தைதான்.

அம்சத்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நாலு மா எடுத்துக்கறேன் தம்பி. போதும்" என்றாள் இராஜாங்கத்திடம்.

இராஜாங்கத்துக்குத்தான் போதவில்லை. மிச்சம் நிற்கும் ஒரு மா வாய்க்காலை ஒட்டிய தலைமடை. அதை வேறு எவனாவது வாங்கினால் தண்ணீருக்கு அவன் தயவில் நிற்க வேண்டும் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளே குடைந்தது நியாயம் அல்ல. கோவிந்தராசு கொடி நட்ட வரப்பு அந்த ஒரு மாவில் இருந்தது. மிராசு வீட்டார் வெட்டிக் கொடுக்கிற துண்டை வாங்கிக்கொண்டு கும்பிட்டு வருவதா? முழுசாக வாங்க வேண்டும். ஊர் பார்க்க வாங்க வேண்டும். அக்காவின் நிலம் என்று வாயால் சொன்னாரே தவிர, மனதுக்குள் அதை அவர் என்றைக்கோ தன் பெயருக்கு மாற்றிவிட்டிருந்தார்.

அதற்கு வழியாகத்தான் பைனான்ஸ் கம்பெனி வந்தது. மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. திறப்பு விழாவில் ஆளுங்கட்சிக்காரர் ரிப்பன் வெட்டினார், எதிர்க்கட்சிக்காரர் குத்துவிளக்கு ஏற்றினார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரிலிருந்து டிரில் மாஸ்டர் வரை பணம் போட்டிருந்தார்கள். பாங்கியில் போடுகிறவனைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்புக்குப் பயந்தே பாதிப் பேர் போட்டார்கள் என்று சொல்லலாம். இராஜாங்கமும் தன் பங்குக்கு ஐயாயிரம் போட்டிருந்தார். மாதம் பிறந்தால் நூற்றைம்பது ரூபாய், புது நோட்டாக, கவரில் வரும். ஐந்தாறு கவர் வாங்கியதுமே தனக்கு இந்த வித்தை பிடிபட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் அவரை விழுத்தாட்டியது வட்டி அல்ல, நாற்காலி. கம்பெனிக்கு மேனேஜர் அனந்தநாராயணன், நாகேஸ்வரனுக்குச் சித்தப்பா பையன், பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இராஜாங்கம் முதல் தடவை உள்ளே நுழைந்தபோது அவர் எழுந்து நின்று, "வாங்கோ இராஜாங்கம் சார், உக்காருங்கோ" என்று மெத்தை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி வரவழைத்தார். தன்னுடைய கோப்பை மாதிரியே இவருக்கும் ஒரு கோப்பை. இராஜாங்கத்தின் அப்பா அந்தக் குடும்பத்து வீட்டில் கொல்லைப்படலைத் தாண்டியதில்லை. கூலி நெல்லைக்கூடத் தூர நின்று துண்டில் ஏந்தித்தான் வாங்கினார். அப்பாவுக்குக் கிடைக்காத நாற்காலியில் உட்கார்ந்த மகனுக்கு அதற்கப்புறம் காதில் எதுவும் ஏறவில்லை. கம்பெனி பணத்தை வாங்கி என்ன செய்கிறது, இவ்வளவு வட்டி எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா? உட்கார வைத்தவரைப் பார்த்து அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பைசா பிசகினால் பட்டியலைத் திருப்பி அனுப்புகிற மனிதர்.

அம்சத்திடம் சொன்னபோது அவள் மூன்று தடவை மறுத்தாள். "வட்டி வேணாம் தம்பி, எனக்கு மண்ணு வேணும்" என்றாள். அவர் விடவில்லை. கடைசியில் சலித்துப்போய், "சரி, அம்மாகிட்டப் பூக் கேட்டுப் பாரு. அவ சொன்னா சரி" என்றாள்.

அவள் தானே போய்க் கேட்டிருக்கலாம். போகமாட்டாள். கோவிந்தராசுவின் உடம்பைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, கோயில் வாசலில் நின்று, கண்ணில்லையாடி உனக்கு என்று கத்தி மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தவள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. "அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்த இல்ல" என்பாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதைப் போல. ஆனால் காளியம்மன் சொல்லைத் தாண்டி நடக்கவும் அவளுக்குத் தெரியாது.

அதனால்தான் இராஜாங்கம் போனார். மூன்றாவது பூவோடு திரும்பி வந்தார்.

அம்சம் கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மா வெள்ளப்பூ குடுத்துட்டா."

அம்சத்தின் கை தவிட்டுத் தண்ணீரிலேயே நின்றது. "மொதத் தடவையேவா?" என்று கேட்டாள்.

இராஜாங்கம் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "ஆமாக்கா" என்றார்.

அம்சம் அழுதுவிட்டாள். பணத்துக்காக அல்ல. "இத்தன வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தாளே... நான் கேட்டதுக்கு மொதத் தடவையே குடுத்துட்டாளா?" என்று ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், நடை சாத்தும் வரை உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த இராஜாங்கம், மூன்றாவது பூவும் பூதானே, அதையும் அம்மன்தானே கொடுத்தாள் என்று சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் வெகு நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

எண்பதாயிரமும் அம்சத்தின் பெயரில் போயிற்று. வட்டியை மாதாமாதம் வாங்காமல் உள்ளேயே விட்டால் கூடுதலாக வரும் என்றார்கள். இராஜாங்கம் அதற்கும் தலையாட்டினார். அம்சம் அன்றிலிருந்து வேறு மனுஷியாகிவிட்டாள். புல் அறுக்கப் போனால் பெரியவாய்க்கால் தாக்கைச் சுற்றிக்கொண்டுதான் வருவாள். எந்த மூலையில் களம் போடுவது, எந்த வரப்பில் தென்னை வைப்பது என்று கூட நடுகிற பெண்களிடம் சொல்லிச் சொல்லி அவர்கள் அவளை மிராசுதாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான். அவளுக்குப் பிடித்திருந்தது.

கார்த்திகையில் கும்பகோணத்தில் ஒரு கம்பெனி கதவைச் சாத்தியது. நம் கம்பெனி அப்படியில்லை என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அதே வாரம் கவர் வாங்கப் போன இராஜாங்கத்தை அனந்தநாராயணன் வெளியே அழைத்துக்கொண்டு வந்து, பெட்டிக்கடை ஓரமாக நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்கோ. இந்த வாரத்துக்குள்ள எடுத்துடுங்கோ. வட்டி போனாப் போறது, அசலாவது கைக்கு வரும். உங்க அக்காவை நேர்ல அழைச்சிண்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ."

"நீங்க எடுத்துட்டீங்களா சார்?"

"எங்க அம்மா பணமும் உள்ளதான் இருக்கு. நான் எடுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கே கூட்டம் கூடிடும். யாருக்கும் ஒரு ரூபா கிடைக்காது."

பஸ்ஸில் வரும்போது இராஜாங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் வட்டியோடு ஒரு லட்சத்துக்கு மேல். இப்போது எடுத்தால் வெறும் எண்பது. கண்ணில் கூடப் பார்க்காத வட்டியை யாரோ பையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவதாகத் தோன்றியது. அதை விட மனமில்லாமல் இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் போனார் என்று தெரிந்ததும்தான் அக்காவைத் தேடி ஓடினார்.

அம்சம் வாய்க்கால் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பணத்த எடுத்துரலாம். நாளைக்கே போவோம். எடுத்து நாலு மாவ இப்பவே வாங்கிருவோம்."

"ஏன்டா? என்ன ஆச்சு?"

"கம்பெனியப் பத்தி ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

அம்சம் சிரித்தாள். "கம்பெனிய நம்பியாடா நான் போட்டேன்? அந்த ஆளுங்க மூஞ்சியக் கூட நான் சரியாப் பாக்கல. அவ சொன்னா, போட்டேன். இப்பப் போயி எடுத்தா அவ சொல்ல நம்பலன்னு ஆயிரும். ஒரு தடவ அவள ஏசிட்டுத் தவிச்சது போதும்."

"அக்கா, அது வந்து..."

"நீ பயந்துக்காத. உனக்குப் படிச்சுப் படிச்சு எல்லாத்துலயும் சந்தேகம்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அக்கா, அவ ரெண்டு தடவ வேணாம்னா' என்று சொன்னால் அவள் அரிவாளைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பாள். இராஜாங்கத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பணம் வரும், ஆனால் அக்காவின் பார்வையில் தான் இனிமேல் யாராக இருப்போம் என்று நினைத்தார். அம்மா செத்த பிறகு தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்று நட்டவள். தன்னைப் படிக்க வைக்க அவள் அரைவயிறாகக் கிடந்தது அவருக்குத் தெரியும். என் தம்பி பொய் பேசமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதுவுமில்லாமல், ஒருவேளை அந்த வெள்ளைப் பூ நிஜமாகவே அம்மன் சொன்னதாக இருந்தால்? பேசிக்கொள்வதெல்லாம் வதந்தியாக இருந்தால்? இப்படி ஒரு சந்து கிடைத்ததும் அதற்குள் நுழைந்துகொண்டார். "சரிக்கா, வர்ற வாரம் பாப்போம்" என்றார். அவள் கட்டிய புல்லுக்கட்டைத் தலைக்குத் தூக்கி விட்டுவிட்டு வந்துவிட்டார்.

தன்னுடைய ஐயாயிரத்தையும் அவர் எடுக்கவில்லை. அக்கா பணம் உள்ளே இருக்கும்போது தன் பணத்தை மட்டும் எடுப்பது பாவம் என்று விட்டுவிட்டாராம். அதையும் ஒரு யோக்கியதை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பதைவிட ஐயாயிரத்தை இழப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

வர்ற வாரம் என்று ஒன்று இல்லை. திங்கட்கிழமை ஷட்டரில் பெரிய பூட்டுத் தொங்கியது. கடைத்தெரு முழுக்கக் கூட்டம். கல்லெறிந்தவர்கள், அழுதவர்கள், முதலாளி மெட்ராஸில் இருக்கிறார், பம்பாயில் இருக்கிறார் என்று சொன்னவர்கள். எதிர்க்கடைப் படியில் அனந்தநாராயணன் உட்கார்ந்திருந்தார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் போயிருந்தன. இராஜாங்கம் திட்டத்தான் போனார்.

"எங்க அம்மாவுக்கு இன்னும் சொல்லலை" என்றார் அனந்தநாராயணன். "தினம் கேக்கறா. நன்னா இருக்கும்மா, நன்னா இருக்குன்னு சொல்லிண்டிருக்கேன்."

இராஜாங்கம் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பணம் போன செய்தியை அம்சம் கத்தாமல் கேட்டுக்கொண்டாள். எல்லாரும் போலீசில் மனுக் கொடுத்தார்கள், அவளும் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். தை பிறந்தது. நாகேஸ்வரன் ஆளனுப்பிக் கேட்டார். அம்சம் இல்லை என்று தலையாட்டி அனுப்பிவிட்டாள். மாசி முடிவதற்குள் செங்கல் காளவாய் வைத்தியலிங்கம் ஐந்து மாவையும் மொத்தமாக வாங்கினார். அவருக்கு வேண்டியது நிலமில்லை, மண். பொக்லைன் வந்து இறங்கி மேல்மண்ணை அள்ளியது. வாய்க்கால் மட்டத்துக்கு நின்ற தாக்கு இடுப்பளவு பள்ளமாகிவிட்டது. கோவிந்தராசு கொடி நட்ட வரப்பு எந்த லாரியில் போயிற்றோ தெரியாது. ஒரு நாள் அம்சம் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். மிராசுதாரம்மா என்று கூப்பிடுவதைப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

இராஜாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. சம்பளப் பட்டியலில் இரண்டு தடவை கூட்டல் தப்பாகித் திரும்பி வந்தது. அக்கா திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை. அவர் போனால் தட்டில் சோறு போட்டாள். "நீ என்னடா செய்வ, நீயும்தான ஏமாந்த" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு அவர் சாப்பிட்டார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டதைத்தான் இன்றைக்கும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை எடுத்தவரைத் தவமணி வாசலில் மறித்தாள்.

"உங்க அக்கா பச்சத்தண்ணிய மட்டும் குடிச்சிக்கிட்டுக் கெடக்கு, தெரியுமா?"

"எதுக்கு?"

"இன்னிக்குக் கோயிலச் சுத்தி உருளப் போவுதாம். நெஞ்சுவலின்னு போன மாசந்தான் ஆஸ்பத்திரிக்கிப் போயிட்டு வந்துச்சு. ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். 'அம்மா குடுத்துட்டுப் புடுங்கிக்கிட்டான்னா எங்கிட்டதான் குத்தம். அன்னிக்கு மண்ண வாரித் தூத்துனேன்ல, அத அவ மறக்கல. அவ கோவம் தீர்ற வரைக்கும் உருளுறேன்'ங்குது." தவமணி ஒரு அடி முன்னால் வந்தாள். "செவப்புப் பூவ என் கையால எடுத்தவ நான். உங்க வாயால வரட்டும்னு இத்தன நாளும் பொறுத்துட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் போயிச் சொல்லட்டுமா?"

இராஜாங்கம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். சாய்த்தது விழுந்தது. எடுக்காமல் நடந்தார்.

கோயில் குளத்தில் முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட மஞ்சள் புடவையோடு அம்சம் பிரகாரத்து மணலில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் ஏறியிருந்தது. வேப்பிலையோடு இரண்டு பெண்கள் கூட நின்றார்கள். அவள் கையைத் தலைக்குமேல் கூப்பிப் படுக்கப் போனாள்.

"அக்கா, இரு."

"தொடாத, ஈரத்தோட இருக்கேன். என்னடா இங்க?"

"நீ உருள வேணாம். உன் மேல குத்தமில்ல." மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்மா மொதத் தடவ வெள்ளப்பூ குடுக்கல. செவப்புதான் குடுத்தா. மறுபடி கேட்டேன். மறுபடியும் செவப்பு. மூணாவது தடவதான் வெள்ள வந்துச்சு. அதுவும் கேள்விய மாத்திக் கேட்டேன். உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

வேப்பிலை வைத்திருந்த பெண் வாயில் கையை வைத்தாள். அம்சம் புரியாதவளைப் போலப் பார்த்தாள்.

"ரெண்டு தடவயும் செவப்பா?"

"ஆமாக்கா."

"பணத்தப் போடாதன்னா?"

"ஆமா."

அம்சம் திரும்பிக் கருவறைப் பக்கம் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவ சொல்லிருக்கா" என்றாள். "ரெண்டு தடவ சொல்லிருக்கா. நான் ஏசுனத மனசுல வச்சிக்கல அவ. எனக்கு எடுத்துச் சொல்லிருக்கா." முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது, இத்தனை மாதமாக அவள் முகத்தில் இருந்த பயம் போய்விட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த இராஜாங்கத்துக்குக்கூட, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. இன்னமும் அவரை அந்த ஆசை விடவில்லை பாருங்கள்.

அம்சம் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் தம்பியைப் பார்த்தாள்.

"கார்த்திகையில கரைக்கு வந்தியே. எடுத்துரலாம்னு. அப்பவும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்ப எடுத்துருந்தா வந்துருக்குமா?"

"வந்துருக்கும்க்கா. நாலு மா."

இராஜாங்கம் அவள் காலில் விழப் போனார். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என் கால்ல விழாத. உள்ள போயி அவ கால்ல விழு, மன்னிச்சிருவா" என்றாள். குரல் உயரவில்லை. "அவளுக்கு என்ன, நெலமா போச்சு?"

ஈரப் புடவையோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். கூட வந்த பெண்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.